மாதத்துக்கு நாலு கிழமை என்றால் மிச்ச நாலு கிழமை எங்கே?

2025 டிசெம்பர் 27, சனி

தம்பி ஒருவர் கேட்டது இது: "மாதத்துக்கு நாலு கிழமை, வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், பெருக்கினால் 48. கலண்டரை எண்ணினால் 52 வருகிறது. இடையில் நாலு கிழமை எங்கே போனது அண்ணை?"

எங்கும் போகவில்லை. (எங்கள் பேச்சில் கிழமை என்றால் வாரமும்தான், வாரத்தின் நாளும்தான்.) மாதத்துக்கு நாலு கிழமை என்பது பெப்ரவரிக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு, லீப் வருடத்தில் அதுக்கும் பொருந்தாது. மற்ற மாதங்களில் நாலு கிழமை போக இரண்டு நாளோ மூன்று நாளோ மிஞ்சும். 31 நாள் மாதம் ஏழு, மும்மூன்றாக 21 நாள் மிச்சம். 30 நாள் மாதம் நாலு, இவ்விரண்டாக 8. கூட்டினால் 29, அதாவது நாலு கிழமையும் ஒரு நாளும். நீங்கள் தேடுகிற நாலு கிழமை பதினொரு மாதங்களின் வால்களில் பிரிந்து கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மேசன்மாருக்கும் தச்சுவேலை ஆட்களுக்கும் கூலிக் கணக்கு எழுதுவது என் தொழில். சனிக்கிழமை சம்பளம் போடுகிற இடத்தில் இது கண்ணுக்கு முன்னால் நடக்கும். வருகிற 2026-இல் ஜனவரி, மே, ஓகஸ்ட், ஒக்டோபர் ஆகிய நாலிலும் ஐந்து சனி விழுகிறது, மற்ற எட்டிலும் நாலு சனி. இருபதும் முப்பத்திரண்டும் 52, கணக்கு மூடிவிட்டது.

அதே நாள், இரவு

அந்த ஒற்றை நாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். 52 ஏழுகள் 364 தான். சாதாரண வருடத்தில் ஒரு நாளும் லீப் வருடத்தில் இரண்டு நாளும் எப்போதும் மிஞ்சும். வருடம் எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமை 53 தடவை வரும். 2026 வியாழனில் பிறந்து வியாழனிலேயே முடிகிறது, ஆகவே 53 வியாழன். ஐந்து வியாழன் வரும் மாதங்களும் ஐந்தாகிவிடும்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர், டிசெம்பர்.

2025 டிசெம்பர் 29, திங்கள்

"இதெல்லாம் கலண்டர் அடிக்கிறவர்களுக்குத் தேவையான கணக்கு, எங்களுக்கு எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எதற்கு என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்த விஷயத்தில் உண்மையிலேயே மனவருத்தம் உண்டு.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா கிழமைக்கடன் எடுத்தார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவருடைய தவணைத் தொகையை விட்டு, எண்ணுவதற்கு லேசாக 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுக்க வந்தவர் சொன்னது "மாதம் ஆறாயிரம்தான் அக்கா, சமாளிக்கலாம்" என்பது மாதிரியான பேச்சு. வீட்டுக்காரருக்கு மாதச் சம்பளம், வீட்டு வரவுசெலவு முழுக்க மாதக் கணக்கில் ஓடுகிறது. அக்காவும் மாதம் ஆறாயிரத்தை ஒதுக்கி வைத்தார். ஐந்து வசூல் விழுந்த மாதம் 7,500 போனது. வருடத்துக்கு 72,000 என்று மனதில் இருந்தது, கையிலிருந்து போனது 78,000. வட்டி கூட்டப்படவில்லை, தண்டப்பணமும் இல்லை, அட்டையில் 52 தவணை என்று ஒழுங்காகத்தான் அச்சடித்திருந்தது. ஆறாயிரம் ரூபாய் வித்தியாசமும் அந்த "மாதத்துக்கு நாலு கிழமை" என்ற ஒரு வாய்ப்பேச்சிலிருந்து வந்தது. அந்த ஆறாயிரத்துக்காக அவர் காதிலிருந்ததை அடகு வைத்தார்.

அடுத்த வருடம் வியாழக்கிழமை வசூல் உள்ளவர்கள் இப்போதே மேலே எழுதின மாதங்களைக் குறித்து வையுங்கள். ஜனவரியில் பொங்கல், ஏப்ரலில் வருடப்பிறப்பு, டிசெம்பரில் நத்தார், அந்த மூன்றும் ஐந்து வசூல் மாதங்கள்.

கிழமையில் கொடுக்கிறதை மாதத்தில் நினைக்க வேண்டும் என்றால் நாலால் பெருக்கக் கூடாது. 52-ஆல் பெருக்கிப் 12-ஆல் பிரியுங்கள். 1,500-க்கு 6,500 வரும். அந்த ஐந்நூறை மாதம் மாதம் தனியாக எடுத்து வைத்தால் ஐந்து வசூல் மாதம் வந்தாலும் இடிக்காது.

2026 ஜனவரி 2, வெள்ளி

ஜெர்மனியில் இருக்கிற மச்சான் எழுதினார், அங்கே 2026-இன் முதலாவது கிழமை டிசெம்பர் 29 திங்களன்றே தொடங்கிவிட்டதாம், வருடம் பிறக்க மூன்று நாள் முன்னமே. அங்கே வேலையிடத்தில் லீவு கேட்பது, சாமான் வந்து சேரும் நாள் சொல்வது எல்லாம் கிழமை எண்ணில்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வர நினைக்கிறவர்களும் "33-ஆம், 34-ஆம் கிழமை லீவு போட்டிருக்கிறேன்" என்று சொல்வார்கள், இங்கே கேட்கிற அம்மாமாருக்கு ஒன்றும் விளங்காது.

விதி லேசானது. கிழமை திங்களில் தொடங்கும். வருடத்தின் முதல் வியாழன் எந்தக் கிழமைக்குள் இருக்கிறதோ அது முதலாம் கிழமை. ஜனவரி 4 எந்தக் கிழமைக்குள் விழுகிறதோ அது என்று பார்த்தாலும் அதே விடைதான். ஏன் வியாழன்? திங்களில் தொடங்கும் கிழமைக்கு நடு நாள் வியாழன், ஆகவே கிழமையின் பெரும்பங்கு எந்த வருடத்தில் இருக்கிறதோ அந்த வருடத்துக்கே முழுக் கிழமையும் சேரும், உடைக்க வேண்டியதில்லை. 1988-இல் வந்த சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 இதைத்தான் சொல்கிறது.

முந்தின குறிப்பில் 53 வியாழன் என்று எழுதினேன் அல்லவா, அது இங்கே வந்து பொருந்துகிறது. இந்த முறையில் ஒரு வருடத்துக்கு எத்தனை வியாழனோ அத்தனை கிழமை. அதனால் 2026-க்கு 53 கிழமை, கடைசிக் கிழமை டிசெம்பர் 28-இல் தொடங்கி 2027 ஜனவரி 3-இல் முடியும். இதற்கு முன் 2020-இலும் 2015-இலும் 53 வந்தது, இனி 2032-இல்.

2026 ஜனவரி 4, ஞாயிறு

"அப்படியானால் இங்கேயும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டால் பிரச்சினை முடிந்தது" என்கிறார் அதே தம்பி. கூலிப் புத்தகத்துக்கு நல்லதுதான், நானே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கிழமை எண்ணைப் போடுகிறேன். ஆனால் மற்றதெல்லாம் மாதத்தில் அல்லவா கேட்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதி மாதக் கணக்கு, ஆளின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஐந்து சனி மாதத்தில் அந்தத் தொகை ஏறும், அடுத்த மாதம் இறங்கும். வேலை கூடினதாலோ குறைந்ததாலோ அல்ல, சனி எங்கே விழுந்தது என்பதால். முதலாளிமார் ஜனவரிச் சிட்டையைப் பார்த்துவிட்டு ஏன் இவ்வளவு ஏறினது என்று கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டும். கரண்ட் பில், கடை வாடகை, வங்கிக் கடன் எல்லாமே மாதம். கிழமையும் மாதமும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறவை, இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுத வேண்டிய ஆள் இரண்டையும் எண்ணத்தான் வேண்டும்.

2026 ஜனவரி 19, திங்கள்

ரியூஷன் கதை வந்திருக்கிறது, எதிர்பார்த்தேன். சனிக்கிழமை வகுப்பு, மாதக் கட்டணம், இந்த மாதம் 31-ஆம் திகதி ஐந்தாவது சனி. ஆசிரியர் வகுப்பு வைக்க வேண்டுமா வேண்டாமா?

இரண்டு பக்கமும் சூடாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஆசிரியர் சொல்கிறார், தான் நாலு வகுப்புக்குத்தான் கட்டணம் வைத்தது, ஐந்தாவதை இலவசமாக எடுத்தால் வருடத்துக்கு நாலு வகுப்பு, அதாவது ஒரு முழு மாத உழைப்பு போகிறது. ஒரு தாய் சொல்கிறார், மாதத்துக்கு என்று காசு வாங்கினால் மாதம் முழுக்கப் படிப்பிக்க வேண்டும். எனக்கு இரண்டு பேரும் நியாயமாகவே படுகிறார்கள், ஏனென்றால் ஆசிரியர் விற்றது நாலு கிழமை, தாய் வாங்கினது ஒரு மாதம். அட்மிஷன் அட்டையில் "வகுப்புக்கு இவ்வளவு" என்றோ "மாதத்துக்கு இவ்வளவு, ஐந்தாவது கிழமை மீட்டல் வகுப்பு" என்றோ ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சண்டை வராது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறவர்கள் ஐந்தாவது கிழமையைக் கடந்தகால வினாத்தாளுக்கு ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன், நல்ல வழி அது.

2026 பெப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்குக் கலண்டரைத் திருப்பிப் பாருங்கள். ஒன்று ஞாயிறில் தொடங்கி 28 சனியில் முடிகிறது. நாலே வரி, ஒரு கட்டமும் வெறுமையில்லை. 2015-இல் வந்தது, இனி 2037-இல் வரும். மே மாதமும் ஓகஸ்டும் இதுக்கு நேர்மாறு, ஆறாவது வரி வேண்டும். சில அச்சகங்கள் அந்த 30, 31-ஐ ஐந்தாவது வரிக் கட்டத்துக்குள்ளேயே கோடு போட்டு நெருக்கிவிடுவார்கள், வயதானவர்களுக்குக் கண்ணில் படாது.

2026 பெப்ரவரி 8, ஞாயிறு

அந்தப் பெப்ரவரிப் படத்தைப் பார்த்த ஒருவர், எல்லா மாதத்தையும் இப்படி 28 நாளாக்கினால் என்ன, 13 மாதம் வைத்தால் 364 வருமே என்கிறார். ஏற்கெனவே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். மோசஸ் கொட்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேயர் 1902-இல் இதே திட்டத்தைக் கொண்டுவந்தார். கொடாக் நிறுவனம் தன் உள்கணக்குக்கு 1928 முதல் 1989 வரை 13 மாதக் கலண்டரையே வைத்திருந்தது. 1930-இல் எலிசபெத் அக்கெலிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 12 மாதத்தோடேயே ஒவ்வொரு வருடமும் ஒரே கிழமையில் தொடங்கும் உலகக் கலண்டரை முன்வைத்தார். 1950-களில் இந்தியாவே அதை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுபோனது.

எல்லாம் அந்த ஒற்றை நாளில்தான் வந்து தட்டினது. 365-ஆவது நாளுக்குக் கிழமைப் பெயரே வைக்காமல் சனிக்கும் ஞாயிறுக்கும் இடையில் விட வேண்டும், அப்போதுதான் திட்டம் சரிவரும். அப்படி விட்டால் அடுத்த நாள் ஊருக்கு ஞாயிறு, உண்மையில் எண்ணிக்கொண்டு வந்தால் திங்கள். யூதர்களின் சனி, கிறிஸ்தவர்களின் ஞாயிறு, முஸ்லிம்களின் வெள்ளி மூன்றும் வருடத்துக்கு ஒரு நாள் நழுவும். மத அமைப்புகள் ஒப்பவில்லை, அமெரிக்காவும் ஒப்பவில்லை, கைவிடப்பட்டது. எங்கள் வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் அதுதான் நடந்திருக்கும்.

கிழமையில் கைவைத்த அரசுகளும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்காரர் 1793-இல் பத்து நாளுக்கு ஒரு ஓய்வு என்று மாற்றினார்கள், 1802-இல் ஞாயிறு ஓய்வு திரும்பி வந்தது, 1805 கடைசியோடு அந்தக் கலண்டரே போய்விட்டது. சோவியத் ஒன்றியம் 1929-இல் ஐந்து நாள் சுற்றுக்கும் 1931-இல் ஆறு நாளுக்கும் போய் 1940-இல் ஏழுக்கே திரும்பி வந்தது. திகதியை வெட்டுவதைச் சனம் தாங்கிக்கொள்ளும். 1582-இல் கிரகோரியன் முறைக்கு மாறினபோது ஒக்டோபர் 4-க்கு அடுத்த நாள் 15 என்றார்கள். ஆனால் 4 வியாழன், 15 வெள்ளி. பத்துத் திகதியை எடுத்தவர்கள் ஒரு கிழமையைக்கூடத் தொடவில்லை.

2026 பெப்ரவரி 22, ஞாயிறு

பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் போய்விட்டு எங்கள் நாட்டில் நடந்ததை எழுதாமல் விட்டது மனதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்புறம் பெரியப்பாவோடு இருந்து கதைத்தேன். அவர் அந்தக் காலத்தில் எழுதுவினைஞர்.

1966 ஜனவரியிலிருந்து 1971 வரை இலங்கையில் சனி ஞாயிறு விடுமுறை இல்லை. டட்லி சேனநாயக்க அரசு வாராந்த விடுமுறையைப் போயாவுக்கு, அதாவது பௌத்தர்களின் சந்திர நாள்களுக்கு, மாற்றியது. இப்போது மாதத்துக்கு ஒரு முழுமதிப் போயாவைத்தானே விடுமுறையாகத் தெரியும், அப்போது நாலு: பௌர்ணமி, அமாவாசை, இடையில் இரண்டு அரைமதி. போயா நாளும் அதற்கு முந்தின நாளும்தான் வாரவிடுமுறை. சந்திரன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 29.53 நாள், நாலாகப் பிரித்தால் 7.38. ஏழு நாளுக்குள் அது அடங்காது. அதனால் ஒரு போயாவிலிருந்து அடுத்த போயா சிலவேளை ஏழு நாள், சிலவேளை எட்டு நாள். இந்த முறை செவ்வாய் விடுமுறை என்றால் அடுத்த முறை புதனாக இருக்கலாம்.

பெரியப்பா சொன்னது: "கிழமைப் பெயரைக் கேட்டால் வேலை நாளா இல்லையா என்று சொல்ல ஏலாது. கலண்டர் பார்க்காமல் ஒருத்தரும் கலியாணத்துக்கு நாள் சொல்ல மாட்டார்கள்." அவர் ஞாயிறும் கந்தோருக்குப் போயிருக்கிறார். குருநகரிலும் பாசையூரிலும் ஞாயிறு பூசைக்குப் போகிற அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஊர்களில் கடலுக்குப் போகிறவர்கள் ஞாயிறு வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைப்பார்கள், அதே வீட்டில் கந்தோர் வேலை பார்க்கிற மகனுக்கு லீவு வேறொரு நாளில். வெளிநாட்டோடு வியாபாரம் செய்தவர்களுக்கும் அதே சிக்கல், அங்கே திறந்திருக்க இங்கே பூட்டு.

பெரியப்பாவிடம் கேட்டபிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வருடத்துக்கு 12.37 சந்திரச் சுற்று, நாலால் பெருக்கினால் 49.5 வருகிறது. அதாவது வருடத்துக்கு 49 அல்லது 50 போயா. ஞாயிறு என்றால் 52. வேலை செய்த ஒவ்வொரு ஆளுக்கும் வருடத்தில் இரண்டு மூன்று வாரவிடுமுறை குறைந்திருக்கிறது! கிழமைக்கடன் அக்காவுக்கு நடந்ததே இது, காசுக்குப் பதிலாக ஓய்வில். பெரியப்பாவுக்கு இதைக் காட்டினேன், "அப்போது ஒருத்தரும் எண்ணிப் பார்க்கவில்லையடா தம்பி" என்றார். 1971-இல் சனி ஞாயிறு திரும்பி வந்தது. அந்த ஐந்து வருடத்திலும் பெயர்கள் மட்டும் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஒன்றும் பிசகாமல் ஓடிக்கொண்டே இருந்தன.

2026 மார்ச் 16, திங்கள்

இன்று முதலாவது பங்குனித் திங்கள். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போகிறவர்கள் விடியவே வெளிக்கிட்டிருப்பார்கள். இந்த வருடம் ஐந்து திங்கள் கிடைக்கிறது: 16, 23, 30, ஏப்ரல் 6, 13. அடுத்த நாள் 14 செவ்வாய் சித்திரை வருடப்பிறப்பு, ஆக பங்குனியின் கடைசி நாளே ஒரு திங்கள். போன வருடம் நாலுதான் கிடைத்தது.

எங்கள் மாதங்கள் 29 நாளிலிருந்து 32 நாள் வரை ஓடும். பங்குனிக்குப் பெரும்பாலும் 30 நாள், ஆகவே ஏழு கிழமை நாள்களில் இரண்டுக்கு மட்டும் ஐந்தாவது வாய்க்கும், ஏழு வருடத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம் அது திங்களுக்கு வரும். ஆடிச் செவ்வாய், ஆவணி ஞாயிறு, புரட்டாசிச் சனி, ஐப்பசி வெள்ளி எல்லாம் இதே வழிதான், மாதமும் கிழமையும் சந்திக்கிற இடத்தில் விரதம். நல்லூர் 25 நாள் திருவிழா அப்படியல்ல, அது சந்திரனைப் பார்த்து ஏறுகிற கொடி, எந்தக் கிழமையிலும் ஏறும்.

பஞ்சாங்கத்தில் இந்த மிச்ச நாளை மறைக்கவே இல்லை என்பது எனக்குப் பெரிய மதிப்பு. சூரிய வருடம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை என்று எடுத்து, ஏழு ஏழாகக் கழித்து, மிஞ்சுகிற ஒரு நாள் 15 நாழிகை 31 விநாழிகையை முந்தின வருடப்பிறப்போடு கூட்டினால் அடுத்த வருடப்பிறப்பின் கிழமையும் நேரமும் கிடைக்கும். 15 நாழிகை என்றால் ஆறு மணித்தியாலம். வருடப்பிறப்பு ஒரு வருடம் இரவிலும் அடுத்த வருடம் விடியப்புறத்திலும் வருவது அதனால்தான்.

2026 மார்ச் 17, செவ்வாய்

ஒரு அக்கா கேட்கிறார், பேரன் வெள்ளி இரவு ஒன்றரை மணிக்குப் பிறந்தான், ஆஸ்பத்திரித் துண்டில் சனி, சாத்திரியார் வெள்ளி என்கிறார், எது சரி? இரண்டும் சரி. ஆஸ்பத்திரிக்கு நாள் நள்ளிரவில் மாறும், பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில். பதிவுக்குச் சனி என்று கொடுங்கள், சாதகத்தில் வெள்ளி என்று இருக்கட்டும்.

2026 ஏப்ரல் 19, ஞாயிறு

வருடப்பிறப்பு வேலைகள் முடிந்து இப்போதுதான் வர முடிந்தது. தேங்கிக் கிடந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சீட்டுப் பிடிக்கிறவர்கள்: கிழமைச் சீட்டு என்றால் கொப்பியில் 1 முதல் கடைசித் தவணை வரை திகதியோடு முதல் நாளே எழுதி எல்லாரிடமும் காட்டுங்கள். "ஒரு வருடச் சீட்டு" என்று சொல்லித் தொடங்காதீர்கள், 52 பேருக்கு 52 கிழமை என்று சொல்லுங்கள்.

ஒப்பந்தக்காரர்கள்: 2028-ஐ இப்போதே குறித்து வையுங்கள். அது லீப் வருடம், சனியில் பிறந்து ஞாயிறில் முடிகிறது, 53 சனி. சனிக்கிழமை கூலி போடுகிறவர்கள் 52 கிழமைக்கு மதிப்பீடு கொடுத்தால் ஒரு கிழமைக் கூலி கையிலிருந்து போகும். அந்தக் குறையை ஆட்களின் கூலியில் பிடிக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன், அது அநியாயம்.

எப்போதாவது கிழமையும் வருடமும் மிச்சமில்லாமல் ஒத்துப்போகுமா என்று கேட்டவருக்கு: போகும், 400 வருடத்துக்கு ஒரு தடவை. 400 வருடத்தில் 1,46,097 நாள், ஏழால் பிரித்தால் சரியாக 20,871 கிழமை. அதில், முன்பு சொன்ன கிழமை எண் முறைப்படி, 53 கிழமை வருடங்கள் 71.

பழைய கலண்டரைத் திரும்பப் பாவிக்கலாமா என்று கேட்டவருக்கு: 2015-இன் கலண்டர் வீட்டில் இருந்தால் இந்த வருடத்துக்குத் திகதியும் கிழமையும் அப்படியே பொருந்தும், 2037-க்கும் பொருந்தும். போயா, திதி, நட்சத்திரம், கோயில் நாள் ஒன்றையும் அதில் பார்க்காதீர்கள்.